வற்றிய ஆறுகளின் காய்ச்சல்

(இலங்கையும் மலேரியாவும் – பகுதி 6)

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆண்டு முழுவதும் ஈரம் காயாத கேகாலையிலும் குருநாகலின் தென்புறத்திலும் மே தொடங்கி மாதங்கள் வெயிலிலேயே கழிந்தன. மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கையின் கிளையாறுகள் எல்லாம் ஓட்டம் குன்றி, பிறகு நின்றேபோயின. மணற்படுகையின் நடுவிலும் பாறை இடுக்குகளிலும் தெளிந்த நீர் குட்டை குட்டையாகத் தேங்கியது. அந்த ஊர்களின் கிழவர்களே அதுவரை அந்த ஆறுகளை அப்படிக் கண்டிருப்பது அரிது.

மழை வந்தால் நுளம்பு வரும் என்பது நாம் எல்லோரும் அறிந்தது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசீஸ் என்ற நுளம்பின் வழக்கமோ வேறு. சாக்கடை நீர் அதற்கு ஆகாது. வேகமாக ஓடும் நீரும் ஆகாது. முட்டையும் குடம்பியும் அடித்துச் செல்லப்பட்டுவிடும். வெயில் படும் தெளிந்த தேங்குநீர்தான் அதற்கு வேண்டும். மழை நன்றாகப் பெய்கிற ஆண்டில் தென்மேற்கின் ஆறுகளில் அதற்கு இடமே இல்லை. மழை இல்லாத ஆண்டில் ஆற்றின் நீளம் முழுவதும் அதன் தொட்டிலாகிவிடுகிறது. இந்த இனமே இலங்கையில் நோயைக் கடத்துகிறது என்பதைப் பூச்சியியலாளர் எச். எப். கார்ட்டர் 1920களிலேயே நிறுவியிருந்தார். குருநாகலில் 1911இலேயே மலேரியா தடை வேலை தொடங்கப்பட்டிருந்தது. எனவே அறிவு இல்லாமல் நாடு அகப்பட்டுக்கொண்டது என்று சொல்ல முடியாது. அந்த அறிவு மழைமானிகளையும் ஆற்று மட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்த எவருடைய மேசைக்கும் ஓர் எச்சரிக்கையாகப் போய்ச் சேரவில்லை என்பதே உண்மை.

நோயைப் பொறுத்தவரை இலங்கை இரண்டு நாடுகள். வடக்கும் கிழக்கும் வடமத்தியும் அடங்கிய வரண்ட வலயத்தில் மலேரியா ஆண்டுதோறும் வந்துபோகும் வீட்டு நோய். அங்கே பிள்ளைகள் சிறுவயதிலேயே பலமுறை காய்ச்சலில் விழுந்து, மண்ணீரல் வீங்கிய வயிற்றோடு வளர்ந்தார்கள். பிழைத்தவர்களின் உடலில் ஓரளவு எதிர்ப்பு ஊறியிருந்தது. ஈர வலயத்தில் அப்படியில்லை. மக்கள் நெருக்கமாக வாழ்ந்த, வளமான, நோயறியாத மண் அது. அங்குள்ள உடல்களுக்கு இந்த ஒட்டுண்ணியோடு பழக்கமே கிடையாது.

அந்த ஆண்டு ஒக்டோபரில் காய்ச்சல் தலைகாட்டியது. டிசம்பரிலும் 1935 ஜனவரியிலும் உச்சத்தைத் தொட்டது. மருந்தகங்களின் முன்னால் மக்கள் வரிசையில் நிற்கவில்லை, படுத்துக் கிடந்தார்கள். ஒரே வீட்டில் எல்லோரும் ஒரே வேளையில் நடுங்கிக்கொண்டிருந்தால் கஞ்சி வைக்கவோ தண்ணீர் மொண்டு தரவோ ஆளில்லை. வயலில் கதிர் அறுப்பாரின்றி நின்றது. ஏறத்தாழ 55 இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தனர். ஏறத்தாழ ஏழு மாதங்களில் 80,000 பேர் வரையில் இறந்தனர். இறந்தவர்களில் குழந்தைகளும் சிறுவர்களுமே மிக அதிகம்.

இவ்வளவு பேர் ஏன் இறந்தார்கள் என்பதற்கு நுளம்பு மட்டும் விடையாகாது. உலகப் பொருளாதார மந்தத்தில் இறப்பரின் விலையும் தேங்காயின் விலையும் சரிந்திருந்தன. தோட்டக் கூலியையும் கொப்பறாவையும் நம்பியிருந்த சிறு குடும்பங்களுக்கு அதற்கு முன்பே அரைவயிறுதான். வறட்சி மிச்சமிருந்த நெல்லையும் தின்றுவிட்டது. ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைத்து இரத்தத்தைச் சோகையாக்கும் நோய், ஏற்கெனவே சோகை பிடித்த உடல்களில் புகுந்தது. குயினைன் கிடைத்தவர்களிலும் பலர் காய்ச்சல் தணிந்த பிறகு பலவீனத்தால் மடிந்தார்கள்.

குயினைன் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த மருந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. நீலகிரியில் சிங்கோனா வேரூன்றிய அதே காலத்தில், 1861இல், நுவரெலியாவுக்கு அருகே ஹக்கல தோட்டம் சிங்கோனாவுக்காகவே தொடங்கப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியதும் துரைமார் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். 1880களில் உலகச் சந்தையே தாங்காத அளவுக்கு இலங்கைப் பட்டை இலண்டனுக்குப் போய்க் குவிந்தது. விலை விழுந்தது, மரங்கள் பிடுங்கப்பட்டன, தேயிலை வந்தது. மலைநாட்டில் அந்த மரங்களை நட்டு, பட்டை உரித்துக் காயவைத்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். அரை நூற்றாண்டு கழித்து, அந்த மலைகளின் அடிவாரத்துக் கிராமங்களில் குயினைன் இறக்குமதிச் சரக்காக அளந்து கொடுக்கப்பட்டது.

அரசாங்கம் அசையவே இல்லை என்று எழுதுவது நியாயமாகாது. தற்காலிக மருத்துவமனைகள் திறக்கப்பட்டன, பாடசாலைகள் மருந்தகங்களாயின, மருத்துவ சேவைப் பணிப்பாளர் பிரையர்கிளிஃபின் கீழ் நடமாடும் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. இந்தியாவிலிருந்து மலேரியா வல்லுநர் கர்னல் சி. ஏ. கில் அழைக்கப்பட்டு, விரிவான அறிக்கை ஒன்றைத் தந்தார். ஆனால் உணவின் பக்கத்தை முதலில் கையிலெடுத்தவர்கள் இளைஞர்களே. முதலாம் உலகப்போர் நினைவு நாளில் பிரித்தானியப் பொப்பி மலருக்குப் பதில் நாட்டுச் சூரியமலரை விற்கும் இயக்கம் ஒன்றை அவர்கள் நடத்திவந்தார்கள். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலானோர் கேகாலைப் பகுதியில் முகாமிட்டு மருந்தும் பருப்பும் கொடுத்தார்கள். இரத்தச்சோகைக்கு நல்லதென்று மாமைட்டை உருண்டைகளாக உருட்டிக் கொடுத்தார்கள். பருப்பு சுமந்த பெரேராவுக்கு ஊர்மக்கள் வைத்த பெயர் ‘பருப்பு மாத்தயா’. 1935 டிசம்பரில் இவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அரசுப் பேரவைத் தேர்தலில் பெரேரா ருவன்வெல்லையிலும் குணவர்த்தன அவிசாவளையிலும் வென்றார்கள். காய்ச்சல் கண்ட பள்ளத்தாக்குகளே அவர்களைப் பேரவைக்கு அனுப்பின. சர்வசன வாக்குரிமை வந்து நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில், ஒரு நோய்க்குப் பொறுப்புச் சொல்லவேண்டியவர்கள் யார் என்று மக்கள் முதன்முறையாகக் கேட்டார்கள். இலவச மருத்துவமனைகள் கிராமம்வரை பரவியதற்கு 1935இன் அந்தக் கேள்வி பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் கொள்ளைநோய்க்குப் பிந்திய பத்தாண்டில் செய்யப்பட்டவை எல்லாம் நீரோடு போராடிய வேலைகள். குட்டைகளில் எண்ணெய் தெளித்தார்கள். மேற்பரப்பில் படரும் எண்ணெய்ப் படலம் குடம்பியின் மூச்சை அடைக்கும். பாரிஸ் பச்சை என்னும் செப்பும் ஆசனிக்கும் கலந்த தூளைத் தூவினார்கள். குடம்பி தின்னும் மீன்களைக் கிணறுகளிலும் குட்டைகளிலும் விட்டார்கள். ஓடைகளின் மேற்பகுதியில் சிறு அணை கட்டி நீரைத் தேக்கி, ஒரேயடியாகத் திறந்துவிட்டுக் கீழேயுள்ள தேக்கங்களைக் கழுவும் முறையும் இருந்தது. ஆற்றுப்படுகைகளில் குடம்பிகளை எண்ணவும் மழையைக் கணக்கிடவும் ஆட்கள் வைக்கப்பட்டார்கள். இவை எதுவும் வீண் அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் நுளம்பு பிறக்கும் ஒவ்வோர் இடத்தையும் தேடிப்போகவேண்டிய வேலை. நகரத்துக்கும் தோட்டத்துக்கும் கட்டுப்படியாகும். கிலோமீற்றர்க் கணக்கில் வற்றிக் கிடக்கும் ஆற்றுக்கு அது எட்டாது.

இரண்டாம் உலகப்போர் இரண்டு செய்திகளைக் கொண்டுவந்தது. 1942இல் ஜாவா யப்பானிடம் வீழ்ந்தது; உலகின் குயினைனில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்ததால் மருந்துக்குப் பஞ்சம். மறுபுறம், சுவிற்சர்லாந்தின் போல் முல்லர் 1939இல் கண்டுபிடித்த டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லி படையினர் கைக்கு வந்திருந்தது. 1945இல் இலங்கையில் பரிசோதனை நடந்தது. 1946இலிருந்து தீவெங்கும் வீட்டுச் சுவர்களில் அது தெளிக்கப்பட்டது. மலேரியா தடை இயக்கத்தின் அத்தியட்சகராக இருந்து அந்த வேலையை நடத்தியவர்களில் முதன்மையானவர் டாக்டர் எஸ். இராஜேந்திரம். டி.டி.ரி.யின் கதையை எழுதும் மேலைநாட்டு நூல்களில் முல்லர் இருப்பார், இராஜேந்திரம் இருக்கமாட்டார். தீவின் வீடுகளுக்குள் அந்த மருந்து போய்ச் சேர்ந்தது இவரைப் போன்றவர்களின் ஒழுங்கால்தான்.

நீரை விட்டுச் சுவருக்கு வந்தது ஏன் என்பதை விளக்கவேண்டும். இந்தத் தொடரின் மையமே அதில் இருக்கிறது. மனிதனிடம் குருதி குடித்த பெண் நுளம்பு பாரமான வயிற்றோடு தொலைதூரம் பறக்காது. அருகிலுள்ள சுவரில் ஒட்டி ஓய்வெடுக்கும். குலிசிபேசீசுக்கு வீட்டுக்குள் தங்கும் வழக்கம் உண்டு. அது குடித்த இரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தால், அந்த ஒட்டுண்ணி நுளம்பின் குடற்சுவரில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாட்கள் பிடிக்கும். அதற்கு முன் அந்த நுளம்பு இறந்துவிட்டால் அது எத்தனை பேரைக் கடித்தாலும் நோய் பரவாது. எனவே எல்லா நுளம்புகளையும் கொல்லவேண்டியதில்லை. கிழ நுளம்புகள் இல்லாமல் செய்தால் போதும்.

இதைக் கணக்காக்கியவர் ஜோர்ஜ் மக்டொனால்ட். அவருடைய வழியில் நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு நூறில் தொண்ணூறு நுளம்பு பிழைக்கிறது என்றால், பன்னிரண்டு நாள் முடிவில் நூறில் 28 உயிரோடிருக்கும். சுவரிலுள்ள மருந்து அந்தத் தொண்ணூறை ஐம்பதாகக் குறைத்தால், பன்னிரண்டாம் நாள் 4,096இல் ஒன்றுதான் மிஞ்சும். குடம்பிகளில் பாதியை அழித்தால் நுளம்பு பாதியாகும். வளர்ந்த நுளம்பின் ஆயுளைக் குறைத்தால் பரவல் கிட்டத்தட்ட இல்லாமலே போகும். டி.டி.ரி. தெளித்த சுவரில் அந்த நஞ்சு மாதக்கணக்கில் நிற்கும். ஆண்டுக்குச் சில முறை ஒரு வீட்டுக்குள் போனால் போதும். ஒவ்வொரு குட்டையையும் தேடி அலையவேண்டாம்.

வேலை சுலபமாக இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. பம்பைத் தோளில் மாட்டிய தொழிலாளர்கள் வருவதற்கு முன் பாய், சட்டி, நெல்மூட்டை எல்லாம் முற்றத்துக்கு வரவேண்டும். சாமி அறையில் தெளிக்க விடமாட்டோம் என்பார்கள். மண்சுவர் மருந்தை உறிஞ்சிவிடும். பண்டிகைக்கு முன் சுவருக்குச் சாணமும் மண்ணும் பூசி மெழுகினால் மருந்து அடியில் போய்விடும். ஆயினும் முதல் ஆண்டுகளில் மக்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். காய்ச்சல் மறைந்ததோடு மூட்டைப்பூச்சியும் மறைந்ததை அவர்கள் கண்ணால் கண்டார்கள்.

1946இல் பதிவான மலேரியா நோயாளர் 27 இலட்சத்து 68 ஆயிரத்துக்கு மேல், மரணம் 12,587. அந்த ஆண்டு ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 ஆகிவிட்டது. இந்த வீழ்ச்சிக்கு டி.டி.ரி. எவ்வளவு காரணம், உணவுப் பங்கீடும் புதிய மருத்துவமனைகளும் எவ்வளவு காரணம் என்று குடித்தொகை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். எஸ். ஏ. மீகம போன்றவர்கள் டி.டி.ரி.க்கு மட்டும் மாலை போடுவதை மறுத்தார்கள். 1935இன் பசித்த உடல்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு மீகமவின் பக்கம் சாயாமல் இருக்க முடியாது. ஆனால் வரண்ட வலயத்தில் நடந்ததற்கு டி.டி.ரி.யைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

அந்த வரண்ட வலயம் திறந்துகொண்டதும் நாட்டின் முகமே மாறியது. 1930களில் மின்னேரியாவில் குடியேறியவர்களைக் காய்ச்சல் வாட்டியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் அதே காட்டு மண்ணில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலைத்தன. பாழடைந்த குளங்கள் மீண்டும் நிரம்பின, நெல் விளைந்தது. தெற்கிலிருந்து வந்த குடியேற்றத்தால் கிழக்கின் குடித்தொகை விகிதங்களும் புரண்டன; அதன் அரசியலைத் தமிழர்கள் இன்றுவரை சுமக்கிறார்கள். நுளம்பு காவல் காத்த நிலம் அது. காவல் நீங்கியதும் யாருக்கு அந்த நிலம் என்ற சண்டை தொடங்கியது. மலேரியாவின் வரலாற்றை மருத்துவர்களிடம் மட்டும் விட்டுவிடக்கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

1955இல் மெக்சிக்கோவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை மலேரியாவை உலகிலிருந்தே ஒழிப்பதென்று தீர்மானித்தது. இலங்கை 1958இல் அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளர் 17 பேர். இருபத்தேழு இலட்சத்திலிருந்து பதினேழுக்கு!

அந்தப் பதினேழுக்குப் பிறகு நடந்ததை எழுதும்போது கோபம் வராமல் இருக்காது. தெளிப்பு நிறுத்தப்பட்டது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஒழிப்புத் திட்டத்தின் படியே ஒரு கட்டத்தில் தெளிப்பை நிறுத்தி, காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சோதிக்கும் கண்காணிப்புக்கு மாறவேண்டும். மாறவேண்டிய இடத்தில்தான் மாறவில்லை. பணம் குறைந்தது, ஆட்கள் கலைந்தார்கள், எடுத்த இரத்த மாதிரிகள் பார்க்கப்படுவதற்கு நாட்கள் பல ஆயின. வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணி வகை ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பின்பு எழும்பக்கூடியது. காய்ச்சல் இல்லாத மனிதனோடு அது ஊர்விட்டு ஊர் போகும். சேனைப் பயிருக்கும் இரத்தினக்கல் தோண்டவும் காட்டுக்குள் போனவர்கள் அதைத் தம்மோடு கொண்டுபோனார்கள். எலஹெர போன்ற இடங்களில் கல் தோண்டிவிட்டுக் கைவிட்ட குழிகளில் தெளிந்த நீர் தேங்கியது. குலிசிபேசீசுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். 1967இன் இறுதியில் காய்ச்சல் எழுந்தது. 1968இல் நோயாளர் நான்கு இலட்சத்துக்கு மேல். 1969இல் 537,705. பதினேழிலிருந்து ஐந்து இலட்சத்துக்குப் போக ஆறே ஆண்டுகள்.

டி.டி.ரி. மீண்டும் எடுக்கப்பட்டது. நுளம்பு அதற்குள் அதை எதிர்க்கப் பழகியிருந்தது. 1969இல் அது உறுதியானது. 1970களின் நடுவில் மலத்தியன் வந்தது, 1977இலிருந்து முழு அளவில். விலை பல மடங்கு அதிகம், மணம் தாங்காது, வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார்கள். இங்கே ஒரு முடிவைப் பாராட்டவேண்டும். மலத்தியனை வயலில் அடிக்கக்கூடாது, மலேரியாத் தடைக்கு மட்டுமே என்று அரசு ஒதுக்கிவைத்தது. பயிருக்கு அடித்த நஞ்சு வயலிலும் வாய்க்காலிலும் நுளம்புக் குடம்பியைப் பழக்கிவிடுகிறது என்பதை டி.டி.ரி.யில் கற்றுக்கொண்டிருந்தார்கள். பல நாடுகள் அந்தப் பாடத்தைப் படிக்காமலே மருந்துகளை இழந்தன.

1980களில் மகாவலி. ஆற்றை மறித்து அணைகள் எழுந்தபோது, அணைகளுக்குக் கீழே படுகை வற்றிக் குட்டைகளானது. 1934இல் வானம் செய்ததை இம்முறை மனிதர்களே செய்தார்கள். அதுவரை மலேரியா அறியாத கண்டிப் பக்கத்து ஆற்றோரங்களிலும் காய்ச்சல் வந்தது. புதுக் குடியேற்றங்களில் களிமண் குடிசையில் நெருங்கி வாழ்ந்தவர்களையும் அது பிடித்தது. 1984இல் குளோரோகுயின் மருந்துக்கு மசியாத ஃபல்சிபாரம் வகை முதன்முதலாக இலங்கையில் கண்டறியப்பட்டது. 1987இல் நோயாளர் 676,000ஐத் தாண்டியது.

இந்தக் காலத்து ஆய்வுகளில் ஒன்றை மட்டும் நின்று பார்க்கலாம். பீலிக்ஸ் அமரசிங்க முதலிய பூச்சியியலாளர்களும் நீர்ப்பாசன ஆய்வாளர்களும் யான் ஓயாவின் மேற்பகுதியில் குடம்பிகளையும் நீர்மட்டத்தையும் ஒன்றாக அளந்தார்கள். குளத்துக்கு நீர் கொண்டுபோகும் அந்த ஓடையில் எப்போது எவ்வளவு நீரை விடுவது என்பதை மாற்றினாலே குலிசிபேசீஸ் பெருகும் தேக்கங்களை நீக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். விவசாயியின் நீரும் நோயின் நீரும் ஒரே மதகிலிருந்து வருகின்றன. 1930களில் சிற்றணை திறந்து ஓடையைக் கழுவியவர்களின் யோசனையே இது, இப்போது அளவுகளோடு. எலஹெரவின் கல்குழிகளில் நுளம்பின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை இட்டுப் பார்த்த ஆய்வும் நோயை வெகுவாகக் குறைத்தது. கதிர்காமத்தில் கொழும்புப் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், ஓலைக்கூரையும் அரைச்சுவருமான வீடுகளில் இருந்தவர்களுக்கு நல்ல வீட்டில் இருந்தவர்களைவிட மலேரியா அதிகம் என்பது தெரிந்தது. கல்வீடு ஒரு மலேரியா மருந்து என்பதை ஏழைகள் கேட்டால் சிரிக்கமாட்டார்கள்.

உள்நாட்டுப் போர் இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே நின்றது. 1990களில் நாட்டின் மலேரியாவில் பெரும்பங்கு வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர், மலேரியா அரிதான குடாநாட்டு மண்ணைவிட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளின் ஓரம் தறப்பாள் கொட்டில்களில் வந்து விழுந்தார்கள். 1934இல் கேகாலைக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்தது: பழக்கமில்லாத உடல், அரைவயிறு, சுவரில்லாத வீடு. மருந்துகள் தடைகளைத் தாண்டி வரவேண்டியிருந்தது. 1999இல் நாடு முழுவதிலும் 264,549 நோயாளர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கிய காரணம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே எண்ணிக்கை சரிந்தது. பிராந்திய மலேரியா அலுவலர்கள் இரு தரப்பின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் வேலை செய்தார்கள். தெளிப்புக் குழுக்கள் குறிவைக்கப்படவில்லை. விடுதலைப் புலிகள் தம் பகுதியில் வலை வழங்கவும் தெளிக்கவும் இடம் கொடுத்தார்கள். செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் பொருட்களைக் கொண்டுசேர்க்க உதவின. எதிலும் உடன்படாத இரு தரப்பும் நுளம்பின் விடயத்தில் உடன்பட்டன என்பதை நம் பிள்ளைகள் படிக்கும் வரலாற்றில் எழுதவேண்டும்.

கையாண்ட முறைகளும் மாறியிருந்தன. எல்லா வீட்டிலும் ஒரே மருந்தை அடிப்பதை விட்டு, நோய் மிகுந்த இடங்களைத் தேர்ந்து, மருந்துகளை மாற்றி மாற்றி அடித்தார்கள். கழுவினாலும் நஞ்சு போகாத நீண்டகால நுளம்பு வலைகள் 2000களின் நடுவிலிருந்து வழங்கப்பட்டன. நுண்ணோக்கியை வாகனத்தில் ஏற்றிய நடமாடும் சிகிச்சைக் குழுக்கள் வைத்தியசாலை எட்டாத ஊர்களுக்குப் போய், காய்ச்சல் இல்லாதவர்களின் விரலையும் குத்தி இரத்தம் பார்த்தன. வைவாக்ஸ் கண்டவர்களுக்குக் குளோரோகுயினோடு ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும் பிறைமாகுயின் பதினான்கு நாட்கள். ஃபல்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து. ஒரு நோயாளி தென்பட்டால் அவரைச் சுற்றியுள்ள வீடுகளும் சோதிக்கப்பட்டன. போர் முடிந்த பின் உலக நிதியத்தின் உதவியோடு இந்த வேலை வடகிழக்கில் இன்னும் நெருக்கமாக நடந்தது.

2011இல் உள்நாட்டிலேயே தொற்றியவர்கள் 124 பேர். 2012 ஒக்டோபரில் கடைசி ஆள். 1963இல் நின்ற இடத்தில் இம்முறை நாடு நிற்கவில்லை. நோயாளரே இல்லாத ஆண்டுகளிலும் இரத்த மாதிரிகள் இலட்சக்கணக்கில் பார்க்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வருபவர்களே இனிக் கவனிக்கப்படவேண்டியவர்கள் என்பதை உணர்ந்து, ஐ.நா. அமைதிப்படையில் போய்த் திரும்பிய படையினர், இந்தியாவுக்குச் சென்றுவந்த யாத்திரிகர், மடகாஸ்கரில் கல் தேடிய வியாபாரிகள், கனடா போகப் புறப்பட்டு மேற்கு ஆப்பிரிக்காவில் சிக்கித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என ஒவ்வொரு கூட்டத்தையும் பின்தொடர்ந்தார்கள். 2016 செப்டெம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது.

2018 டிசம்பரில் இதன் முதல் சோதனை வந்தது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து, மொனராகலையில் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு வைவாக்ஸ் தொற்றியது. இருவரும் கண்டுபிடிக்கப்பட்டார்கள், அயலில் சோதனையும் தெளிப்பும் நடந்தன, மூன்றாவது ஆளுக்குப் போகவில்லை. 1967இல் இப்படியான முதற் சில பேரைக் கண்டுபிடிக்க ஆள் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் சான்றிதழ் கிடைத்த அதே ஆண்டின் டிசம்பரில், மன்னார்த் தீவின் கிணறுகளில் புதிய நுளம்பு ஒன்றின் குடம்பிகள் அகப்பட்டிருந்தன. பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னையின் மலேரியா இதனுடையது. மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் அது வளரும். ஆற்றுக் குட்டையை நம்பியிருக்கும் குலிசிபேசீஸ் போலல்லாமல் நகரத்துக்கு நடுவிலேயே குடியிருக்கக்கூடியது. சில ஆண்டுகளுக்கு முன்பே ஜிபூட்டியில் இறங்கி, ஆப்பிரிக்காவில் பரவிக்கொண்டிருந்தது. மன்னாரில் கண்டதற்குச் சிறிது காலத்தில் யாழ்ப்பாண நகரத்திலும் அது இருப்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர் சுரேந்திரனும் அவருடைய குழுவினரும் அறிவித்தார்கள். வீட்டுக்கு வீடு கிணறுள்ள குடாநாடு அது. கிணறுகளில் மீன் விடுவதும் மூடி போடுவதும் குடம்பிக்கொல்லி இடுவதும், 1935க்குப் பின் பழைய ஆட்கள் செய்த அதே வேலைகள், மீண்டும் தொடங்கியிருக்கின்றன. இந்த நுளம்பு பாக்கு நீரிணையைக் கடந்து எப்படி வந்திருக்கலாம், சென்னை மாநகராட்சி நூறாண்டாக அதனோடு எப்படி மல்லுக்கட்டி வருகிறது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)